உபகாரச் சம்பளத்தோடு ஊர்ப்பணியும் சேரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேர்வு முடிவுகள் வெளியாகும் காலங்களில், மருத்துவமும் தாதிமைக் கல்வியும் பயிலச் செல்லும் நம் பிள்ளைகளின் படங்களைத் தங்கள் நாளிதழ் மகிழ்ச்சியோடு வெளியிட்டு வருகிறது. அப்பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளமும் கல்விக் கடனும் வழங்கும் நம் அறவாரியங்கள், ஆலய நிர்வாகங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியவற்றின் பார்வைக்கு ஒரு மருத்துவமனையின் வரலாற்றை வைக்க விரும்புகிறேன். பெங்களூரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் நடத்தும் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் அது. நான் கத்தோலிக்கன் அல்லன். எனினும், தமிழ்க் கத்தோலிக்கர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே குடியேறிய மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பாகான் செராயில் வாழ்பவன் என்ற முறையில், கன்னியர் (கத்தோலிக்கப் பெண் துறவியர்) நடத்திய பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் பற்றிக் கேட்டு வளர்ந்தவன்.

அந்த வரலாறு கட்டடத்தில் தொடங்கவில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1887ஆம் ஆண்டு பிறந்த மேரி குளோரி, மெல்பர்னில் மருத்துவம் படித்துத் தொழில் செய்துகொண்டிருந்தவர். மருத்துவரின்றி மடியும் இந்தியத் தாய்மார்களையும் குழந்தைகளையும் பற்றிய ஒரு சிறு வெளியீட்டைப் படித்த பின், அனைத்தையும் விட்டு 1920ஆம் ஆண்டு ஆந்திராவின் குண்டூருக்கு வந்து கன்னியர் மடத்தில் சேர்ந்தார். அக்காலத்தில் கன்னியர்கள் மருத்துவத் தொழில் செய்யத் திருச்சபைச் சட்டத்தில் தடை இருந்ததால், அவர் ரோமாபுரியின் தனி அனுமதி பெற்றே நோயாளிகளைப் பார்த்தார். அந்தத் தடை பொதுவாக நீங்கியது 1936ஆம் ஆண்டில்தான். ஒரு சிறு மருந்தகமாக இருந்ததைச் செயின்ட் ஜோசப் மருத்துவமனையாக வளர்த்த அவர், தாம் ஒருவராக எத்தனை பேரைப் பார்த்துவிட முடியும் என்பதை உணர்ந்து, உள்ளூர்ப் பெண்களுக்கே மருந்து கலக்கவும் பேறுகாலம் பார்க்கவும் நோயாளிகளைப் பராமரிக்கவும் கற்றுக்கொடுத்தார். என் கருத்தில், அவர் செய்தவற்றுள் இதுவே தலையாயது. 1943ஆம் ஆண்டு கத்தோலிக்க மருத்துவமனைகளுக்கென ஒரு சங்கத்தை அமைத்து, அதன் வழியாக ஒரு மருத்துவக் கல்லூரி எழ வேண்டும் என்று விரும்பிய அவர், அதைக் காணாமலேயே 1957இல் பெங்களூரில் காலமானார்.

கல்லூரி 1963ஆம் ஆண்டு தொடங்கியபோது அதற்கெனச் சொந்த மருத்துவமனை கிடையாது. நல்லாயன் சபைக் கன்னியர் 1886ஆம் ஆண்டு நிறுவிய செயின்ட் மார்த்தாஸ் மருத்துவமனையில்தான் அதன் மாணவர்கள் நோயாளிகளைப் பார்த்துப் பயின்றனர். சொந்த மருத்துவமனை 1975ஆம் ஆண்டில்தான் வந்தது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட படுக்கைகளும், தாதியர் கல்லூரியும், ஆராய்ச்சி நிலையமும் அங்கு உள்ளன. மாணவர்கள் படிக்கும்போதே கிராமத்தில் தங்கி அங்குள்ள குடும்பங்களின் உடல்நலத்தையும் வாழ்க்கை நிலையையும் அறிந்து வருகிறார்கள். பட்டம் பெற்றதும் மருத்துவ வசதி குறைந்த ஊர்களில், பெரும்பாலும் கன்னியர் நடத்தும் சிறு மருத்துவமனைகளில், குறிப்பிட்ட காலம் பணியாற்றுவதாகச் சேரும்போதே ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கிறார்கள்.

இந்த ஒப்பந்தத்தைத்தான் நம்மவர்கள் கவனிக்க வேண்டும். நம் நாட்டிலும் கன்னியர் 1954ஆம் ஆண்டு பெட்டாலிங் ஜெயாவில் தொடங்கிய அசுந்தா மருத்துவமனை, தாதியர் பயிற்சிப் பள்ளியையும் நடத்திப் பல பெண்களுக்குத் தொழில் தந்தது. தோட்டப்புறத்தில் நமக்கு வாய்த்தவர்கள் டிரெசர்கள் எனப்பட்ட தோட்ட மருத்துவ உதவியாளர்கள். காய்ச்சலென்றாலும் பாம்புக்கடியென்றாலும் நள்ளிரவில் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) மக்கள் தட்டியது அவர்கள் வீட்டுக் கதவைத்தான். அவர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது என்பது, அப்பணி எவ்வளவு முக்கியமாகக் கருதப்பட்டது என்பதற்குச் சான்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் தாமான்களுக்கும் (குடியிருப்புப் பகுதிகளுக்கும்) மலிவு விலை வீடுகளுக்கும் குடிபெயர்ந்த பிறகு, ஒவ்வொரு குடும்பத்தின் நோயையும் பெயரையும் அறிந்த அத்தகைய மனிதர் எங்கள் ஊரில் இல்லை. அரசு கிளினிக் இருக்கிறது. அங்குள்ளவர்கள் தங்கள் கடமையைச் செய்கிறார்கள். ஆயினும், நீரிழிவுக்கு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாத பாட்டியின் வீட்டுக்கே சென்று, அவருக்குப் புரியும் தமிழில் பொறுமையாக எடுத்துச் சொல்ல யாரும் வருவதில்லை. புண் முற்றி, காலை எடுக்க வேண்டிய நிலையில் தைப்பிங் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்படுபவர்களைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது.

பணம் கொடுத்த பின், அந்தப் பிள்ளை எங்கே பணியாற்றுகிறார் என்று எத்தனை அமைப்புகள் கேட்கின்றன? மருத்துவர்கள் ஈராண்டுப் பயிற்சியையும் கட்டாய அரசுப் பணியையும் முடிக்க வேண்டியிருப்பதால், முழுநேரப் பணியை அவர்களிடம் உடனே எதிர்பார்க்க முடியாது என்பதை அறிவேன். ஆனால் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டங்களை அடுத்த சிற்றூரின் தமிழ்ப்பள்ளி மண்டபத்திலோ ஆலய மண்டபத்திலோ இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பரிசோதித்து, உரியவர்களை மருத்துவமனைக்கு அனுப்பிவைக்கும் பணியைச் சில ஆண்டுகளுக்கு நிபந்தனையாக்கலாம். தாதியருக்கும் உதவி மருத்துவ அதிகாரிகளுக்கும் இது இன்னும் எளிது. பாகான் செராய், சுங்கை சிப்புட், பெஸ்தாரி ஜெயா (முன்னாள் பாத்தாங் பெர்ஜுந்தை) போன்ற ஊர்களிலிருந்தே பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் படிக்கவைத்தால், அவர்கள் தங்கள் சொந்த ஊருக்கே வந்து பணியாற்ற முடியும். அடுத்த ஆண்டு விண்ணப்பப் பாரங்களை அச்சிடும் முன் இந்த நிபந்தனையைச் சேர்க்குமாறு சம்பந்தப்பட்ட அமைப்புகளின் பொறுப்பாளர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
பாகான் செராய், பேராக்.