மண்டியில் எஃப்2 வேலை செய்யாத கதை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. ஆற்காட்டில் மாமாவின் அரிசி மண்டிக்கு பில் போடும் புரோகிராம் எழுதிக்கொடுத்தேன், அதிலேயே நாள் போய்விட்டது. அம்மா நலம், வேலூர் வெயில் உனக்குத் தெரிந்ததுதான். நீயும் என்னைப் போல ஜாவா ஸ்விங்கில் (விண்டோ, பட்டன் எல்லாம் போட்டுத் தரும் தொகுப்பு) ஏதோ எழுதுவதாகச் சொன்னாயே, அதனால் நான் பட்ட பாட்டை விவரமாகவே எழுதுகிறேன்.

மண்டியில் கணக்கு பார்க்கும் அண்ணன் மவுஸைத் தொடவே மாட்டார். வலது கை நம்பர் விசைகள் மேல் இருக்கும், கண் மூட்டை ஏற்றும் ஆட்கள் மேல் இருக்கும். அவருக்காக எஃப்2 அழுத்தினால் புது பில் வரட்டும் என்று, விசை தட்டுவதைக் கவனித்துச் சொல்லும் கீலிஸனரில், கீடைப்ட் என்ற பகுதியில் எழுதினேன், ஒன்றுமே நடக்கவில்லை. எழுத்து பிறக்கும் விசைக்குத்தான் கீடைப்ட் வரும், எஃப்2 எழுத்தே இல்லையே! எந்த விசையை அழுத்தினாலும் வரும் கீபிரஸ்டுக்கு மாற்றினேன், வந்தது. ஆனால் யாராவது ஒருமுறை மவுஸால் ஒரு பட்டனைத் தட்டிவிட்டால் மறுபடி செத்துவிடும். திரையில் எந்தப் பட்டனோ பெட்டியோ இப்போது தேர்வாகி இருக்கிறதோ, அதாவது ஃபோகஸ் எதில் இருக்கிறதோ, அதற்குத்தான் விசை போய்ச் சேரும், என் லிஸனரோ வெளி விண்டோவான ஃபிரேமில் உட்கார்ந்திருந்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ராத்திரி ஆயிற்று.

அப்புறம் லிஸனரைத் தூக்கிப்போட்டுவிட்டு இன்புட்மேப், ஆக்‌ஷன்மேப் இரண்டுக்கும் மாறினேன். இந்த விசைக்கு இந்தப் பெயர், அந்தப் பெயருக்கு இந்த வேலை, அவ்வளவுதான். விண்டோவில் ஃபோகஸ் எங்கே இருந்தாலும் வேலை செய் என்று சொல்லிவிடலாம். அப்படியும் சரக்கு அட்டவணைக்குள் நிற்கும்போது மட்டும் எஃப்2 கேட்கவில்லை. காரணம், விசை முதலில் ஃபோகஸ் உள்ள பெட்டிக்குப் போகிறது, பிறகு அதைத் தாங்கும் பெட்டிகளுக்கு, கடைசியில்தான் விண்டோவுக்கு. அட்டவணையைக் காட்டும் ஜேடேபிளோ எஃப்2 வந்தால் கட்டத்தைத் திருத்தத் திறப்பது என்று தனக்கே வைத்துக்கொண்டிருக்கிறது. அதனிடமிருந்து பிடுங்க மனம் வரவில்லை, அண்ணனுக்கு எடையைத் திருத்த அதுவும் வேண்டும். புது பில்லை எஃப்5க்கு மாற்றினேன். ஒரே நாளில் பழகிவிட்டார்.

இன்னொன்று, இதை நீ கட்டாயம் பார்த்துக்கொள். என்டரில் விரல் கொஞ்சம் அதிகம் தங்கினால் கீபிரஸ்டு திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும், அதனால் ஒரு வியாபாரிக்கு ஒரே பில் மூன்று தடவை அச்சானது. கையை எடுத்தால் மட்டும் வேலை செய் என்று வைக்கலாம் என்று பார்த்தேன், ஆனால் லினக்ஸில் விரலை எடுக்காமலே விசையை விட்டதாகவும் இடையிடையே செய்தி வருகிறது. கடைசியில், அச்சுக்கு அனுப்பியவுடன் பில்லைக் காலி செய்துவிடு, காலி பில்லை அச்சிடாதே என்று வைத்தேன். அதன்பின் தொந்தரவில்லை.

இப்போது வியாபாரி பெயரைத் தமிழில் தேடும் இடத்தில் நிற்கிறேன். தமிழ்99 விசைப்பலகையில் க, ஒ என்று இரண்டு விசை தட்டினால் ‘கொ’ என்று ஒரே எழுத்து. விசையை எண்ணித் தேடினால் தப்பாகத்தான் வரும். அதனால் அங்கே விசைப் பக்கமே போகாமல், பெட்டியில் உள்ள எழுத்து மாறும்போது டாக்குமென்ட்லிஸனர் சொல்லட்டும் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

காட்பாடியில் இறங்கும் நாளை முன்கூட்டியே எழுது, ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன். அப்படியே ஆற்காடு போய் மண்டியையும் காட்டுகிறேன், வரும்போது மக்கன் பேடா வாங்கிக்கொள்ளலாம்.

உன் மச்சான்