பி11 படகையும் கொஞ்சம் பேசியிருக்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

முதல் உலகப் போர்க் கடற்சண்டைகள் பற்றிய கட்டுரையில், 1914 டிசம்பர் 13 அன்று டார்டனெல்ஸ் ஜலசந்திக்குள் நுழைந்து துருக்கியின் மெசூதியே போர்க்கப்பலை மூழ்கடித்த பிரிட்டிஷ் லெப்டினன்ட் நார்மன் ஹோல்புரூக்கின் துணிச்சலை நன்றாகச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் அவர் போன பி11 நீர்மூழ்கியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அது எப்படிப்பட்ட படகு என்று தெரிந்தால்தான் அந்தத் துணிச்சலின் அளவு புரியும்.

பி11, இங்கிலாந்தின் பாரோ நகரில் விக்கர்ஸ் நிறுவனம் கட்டி 1906இல் கடலில் இறக்கிய படகு. போர் வந்தபோதே அது பழைய ரகம். சுமார் 43 மீட்டர் நீளம். உள்ளே குறுக்குச் சுவர் கிடையாது. எஞ்சின், பேட்டரி, டார்பிடோ, ஆட்கள் எல்லாம் ஒரே இரும்புக் குழாய்க்குள். ஓரிடத்தில் தண்ணீர் புகுந்தால் தடுக்க வழியே இல்லை. அதைவிட மோசம் அதன் பெட்ரோல் எஞ்சின். ஆவி கசிந்தால் ஆட்களுக்குத் தலை சுற்றும், ஒரு பொறி பட்டால் வெடிக்கும். 1905இல் அயர்லாந்தின் குவீன்ஸ்டவுனில் ஏ5 நீர்மூழ்கி அப்படித்தான் வெடித்து, உள்ளே இருந்தவர்களில் ஆறு பேரைப் பலிவாங்கியது. பின்னால் வந்த டி வகை நீர்மூழ்கிகளில்தான் டீசலுக்கு மாறினார்கள்.

இந்தப் படகுதான் எதிர்த்து வரும் நீரோட்டத்தில், பேட்டரி மோட்டாரின் மெதுவான வேகத்தில், ஐந்து வரிசைக் கண்ணிவெடிகளுக்கு அடியில் ஊர்ந்து போனது. கண்ணிகளைக் கட்டிய கம்பி படகில் சிக்காமல் இருக்க, வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாகங்களுக்குக் காப்புக் கம்பிகள் பொருத்தியிருந்தார்கள். சின்ன வேலைதான். ஆனால் அதைச் செய்தவர்களுக்கும் இந்த வெற்றியில் பங்கு உண்டு என்று அழுத்திச் சொல்வேன். திரும்பும் வழியில் திசைகாட்டியின் கண்ணாடி மங்கிவிட்டது. தரை தட்டித் தட்டித்தான் வெளியே வந்தார்கள். அன்று நீருக்கடியில் கழித்தது சுமார் 9 மணி நேரம்.

ஹோல்புரூக்குக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்ததைச் சொன்ன நீங்கள், படகில் இருந்த மற்ற எல்லோருக்கும் பதக்கம் கிடைத்ததை விட்டுவிட்டீர்கள். அப்புறம், மெசூதியேயில் 37 பேர் இறந்தார்கள். அதையும் எழுதியிருக்க வேண்டும்.

பி11 பிறகு வெனிஸுக்குப் போய், 1917இல் மேற்பரப்பு ரோந்துப் படகாக மாற்றப்பட்டு, 1919இல் இத்தாலியிலேயே விற்கப்பட்டது. அடுத்த முறை கடற்போர் பற்றி எழுதும்போது தளபதியின் படத்தோடு படகின் உட்புற வரைபடம் ஒன்றையும் வெளியிடுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது மிகவும் உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தூத்துக்குடி