அவன் வாங்காத ஓலை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் கேட்டால் 'நல்லா இருக்கேன்பா' என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். கடையை விட்டு நீ வெளியே வந்து மூன்று மாதமாகிறது என்று மருமகள் உங்கம்மாவிடம் சொல்லிவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. உன் பங்குதாரர் நாலு பேர் முன்னால் ஏதோ சொன்னாராம், அன்றைக்கு எழுந்து வந்தவன் திரும்பிப் போகவே இல்லையாம்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சிலப்பதிகாரத்துக் கோவலன் நினைப்பாகவே இருக்கிறது. முந்தாநாள் பஸ் ஏறிப் பூம்புகார் கடற்கரையில் போய் உட்கார்ந்திருந்தேன். அந்த மணலில்தானே எல்லாம் தொடங்கியது! அவன் யாழை வாங்கி, வேறொருத்தியை நினைத்தவன் போலப் பாடுகிறான். மாதவி ஊடலில் யாழை வாங்கி, தனக்கும் வேறொருவன் மேல் மனம் இருப்பது போலப் பாடுகிறாள். அவன் பாடியதும் பாட்டு, அவள் பாடியதும் பாட்டு. ஆனால் அவனால் பொறுக்க முடியவில்லை. நேரமாகிவிட்டது என்று எழுந்து, ஏவலாளர் சூழப் போய்விட்டான். ஊரார் நடமாடும் தெருவில் 1008 கழஞ்சு பொன்னுக்கு அவள் மாலையை வாங்கியவன் இல்லையா, அவள் பாட்டையும் சேர்த்து வாங்கிவிட்டதாக நினைத்திருப்பான்.

'யாழிசைமேல் வைத்துத் தன் ஊழ்வினை வந்து உருத்ததாகலின்' என்று இளங்கோ அங்கே எழுதுகிறார். யாழிசையைச் சாக்காக வைத்து அவன் ஊழ்வினை வந்து சினந்தது என்று பொருள். இத்தனை வருஷமும் ஊழ்வினை என்ற சொல்லைத்தான் பிடித்துக்கொண்டு படித்தேன். இப்போது 'யாழிசைமேல் வைத்து' என்ற இடத்தில் கண் நின்றுவிடுகிறது. ஊழ் வரும்தான். அது உள்ளே வர அவனுடைய வீம்பு கதவைத் திறந்து வைத்திருந்தது.

தாழை மடலில், பிச்சி மொட்டைச் செம்பஞ்சுக் குழம்பில் தோய்த்து மாதவி எழுதி அனுப்பினாள். அவன் வாங்கவே இல்லை. ஆடல் மகள், நடிக்கிறாள் என்று திருப்பி அனுப்பிவிட்டான். அப்புறம் கண்ணகியிடம் வந்து, 'இலம்பாடு நாணுத் தரும் எனக்கு' என்கிறான். பணம் போனதை விட, போனது தெரிந்துவிடுமே என்ற வெட்கம் அவனைத் தின்கிறது. சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள் அவள். பெற்றவர்களிடம் ஒரு சொல் சொல்லாமல், விடிவதற்கு முன்பே இருவரும் மதுரைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். தம்பி, எனக்கு இந்த இடத்தில்தான் வயிறு எரிகிறது. கோவலனின் அப்பா மாசாத்துவான் புகாரிலேயே பெரிய வணிகர். மகன் கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டாரா? மணியை இழந்த நாகம் போல அவரும் அவர் மனைவியும் ஆகிவிட்டார்கள் என்று காப்பியமே சொல்கிறது.

வழியில் கௌசிகன் என்ற அந்தணன் மாதவியின் இரண்டாவது ஓலையோடு வந்து நிற்கிறான். அதன் மண் முத்திரையில் அவள் கூந்தல் எண்ணெயின் வாசம். பழகிய வாசம், கையை விட்டு எடுக்க முடியவில்லை அவனுக்கு. அப்புறம்தான் பிரித்துப் படிக்கிறான். அவள் மேல் தீது இல்லை, 'என் தீது' என்று அப்போதுதான் தெரிகிறது. தன்னைப் பெற்றவருக்கும் இதே வாசகம் பொருந்தும் என்று அந்த ஓலையையே அவரிடம் காட்டச் சொல்லிக் கொடுத்தனுப்புகிறான். அங்கேயே திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. மதுரையில் சிலம்பை விற்கப் போனவன் கொலையுண்டான். செய்தி கேட்டு அவன் தாய் உயிர் விட்டாள். தந்தை பொருளையெல்லாம் தானம் செய்துவிட்டுத் துறவியானார்.

உன் பங்குதாரர் இரண்டு தடவை வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாராம், நீ கேட்காமலே வைத்திருக்கிறாயாம். முதலில் அதைக் கேள். அவர் சொன்னது தப்பாகவே இருக்கட்டும், கேள். அப்புறம் கடன் எவ்வளவு, யார் யாருக்கு என்று ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பு. தொகையைக் குறைத்து எழுதாதே. குறுவை நெல் விற்ற பணம் பேங்கில் அப்படியே இருக்கிறது.

சனிக்கிழமை வா. பஸ் எத்தனை மணிக்கு வந்தாலும் நான் ஸ்டாண்டில் நிற்பேன்.

உன் அப்பா