உன்னிடமிருந்து யாருக்கும் ஒட்டாது

அன்பு மக்களே,

வீடியோவில் பேசும்போது முழுநேரமும் கையைச் சொறிந்துகொண்டே இருந்தாய். கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்கிறாய். டாக்டர் ஒட்டுகிற சொறி என்று மருந்து தந்ததைச் சின்னவள் சொல்லித்தான் நான் அறிய வேண்டுமா?

ஏசி பெட்டிக்குப் பின்னால் புறா கூடு வைத்திருப்பதாகச் சொன்னாயே, குஞ்சு பறந்துவிட்டதா? பறந்திருந்தால் உன் சொறிச்சல் செள்ளுக்கடியாகத்தான் இருக்கும். செள்ளு என்றால் பறவை ரத்தம் குடிக்கும் பொடிப்பூச்சி. கோழிப்பேன் இறகோடு கிடக்கும், அதற்கு ஆள் வேண்டாம். செள்ளு அப்படி இல்லை. பகலில் இடுக்கில் ஒளிந்திருந்து ராத்திரி ஏறி ரத்தம் குடிக்கும். கூட்டில் பறவை இல்லையென்றால் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடும். டாக்டரிடம் புறாக்கூட்டைப் பற்றிச் சொன்னாயா? சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்?

நம் புள்ளிக்கோழியும் அடையிலிருந்து பாதியில் எழுந்துவிட்டது. கூடையைத் தட்டினால் செள்ளு மிளகாய்ப்பொடி போல உதிர்ந்தது. கூடையை எரித்து, கோழிக்கூட்டின் பலகை இடுக்கெல்லாம் கொதிவெள்ளம் ஊற்றினேன். ஒருமுறை ஊற்றினால் போதாது. செள்ளின் முட்டை பொரிந்து ஒரு வாரத்தில் அடுத்த கூட்டம் வந்துவிடும். நீயும் அப்படியே செய். மூக்கைக் கட்டிக்கொண்டு, காலிக் கூட்டை நனைத்து எடுத்துக் கட்டி வெளியே போடு. பட்டினி கிடந்தும் அது மாதக்கணக்கில் தாங்கும், அதனால் தானே சாகும் என்று விடாதே. படுக்கைவிரிப்பைச் சுடுவெள்ளத்தில் துவை. ஜன்னல் இடுக்கை அடை. ஒரு வாரம் கழித்துத் திரும்பவும் செய். கொசு மருந்தை மெத்தையில் அடிக்காதே.

இன்னொன்று, மக்களே. செள்ளு ஆள் மேல் குடியிருக்காது, ஆள் ரத்தத்தை மட்டும் குடித்துப் பெருகவும் செய்யாது. உன்னிடமிருந்து யாருக்கும் ஒட்டாது. ஒரே படுக்கையில் கிடந்தாலும் ஒருவருக்குத் தடிக்கும், இன்னொருவருக்குத் தெரியவே தெரியாது. அதற்காகத் தனி அறையில் படுக்க வேண்டியதில்லை. நான் பொதுவாகத்தான் சொல்கிறேன்.

மார்த்தாண்டம் பஸ்ஸில் நின்றுகொண்டே பாடம் படித்து அவ்வளவு தூரம் போன பிள்ளை நீ. உன்னை யாரும் அழுக்கு என்று நினைக்க நான் விடமாட்டேன். கூட்டை எடுத்தாயா என்று மட்டுமாவது ஒரு வரி எழுது.

மழையால் ரப்பர் வெட்டு இல்லை. அப்பா சும்மாதான் இருக்கிறார். நாகர்கோவிலில் ராத்திரி வண்டி ஏறினால் காலையில் உன் வீட்டுக்கு வந்து கூட்டை அவரே எடுத்துவிடுவார். மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல். இந்தக் கடிதத்தையும் அவரிடம் படிக்கக் கொடு.

அம்மா