தைக்கான் வரைந்த நதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் ஜப்பானிய இயற்கைக்காட்சி ஓவியர் யோகோயாமா தைக்கான் (1868–1958) பற்றி வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். பூஜி மலையை அவர் திரும்பத் திரும்ப வரைந்தது உண்மைதான் என்றாலும், அவரைப் 'பூஜி மலை ஓவியர்' என்று சொல்லி முடித்துவிட்டது பெருங்குறையாகவே எனக்குப் படுகிறது. காவிரியின் கடைமடையில் வாழும் நாங்கள் அவரிடம் முதலில் காண வேண்டியது ஒரு நதியை.

1923இல் அவர் தீட்டிய 'செய்செய் ருதென்' ('ஓயாது மாறிச் சுழலும் வாழ்வு') என்னும் சுருள் ஓவியம் ஏறத்தாழ 40 மீட்டர் நீளமுடையது. முழுவதும் கறுப்பு மையாலானது. வலமிருந்து இடமாக விரிக்க விரிக்க, மலைப்பனியில் திரண்ட நீர் ஓடையாகி, ஆறாகிக் கடலில் கலந்து, கடைசியில் கொந்தளிக்கும் அலைகளின் மேல் டிராகனாக வானேறிவிடுகிறது. குடகில் மழை பெய்ததா என்று விசாரித்துவிட்டு, மேட்டூர் திறந்த பிறகும் தண்ணீர் எங்கள் வாய்க்காலை எட்டும் நாளுக்காகக் காத்திருக்கும் உழவருக்கு இந்த ஓவியத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. அது முதன்முதலில் காட்சிக்கு வைக்கப்பட்ட செப்டம்பர் 1 அன்றுதான் டோக்கியோவைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. நல்லவேளையாக ஓவியம் தப்பியது.

கோடுகளைக் கைவிட்டு நிறச்சாயலால் மட்டுமே உருவம் காட்டிய அவரது முறையை, 'மோரோதாய்', அதாவது மங்கல் பாணி, என்று அக்காலத்தில் ஏளனம் செய்தார்கள். மார்கழி விடியலில் எங்கள் படித்துறையில் நின்றால், எதிர்க்கரைத் தென்னைகளின் அடிமரம் பனியில் கரைந்துபோய்க் கொண்டைகள் மட்டும் மிதக்கும். அங்கே கோடு ஏது? 'முதலில் கோடு போடு' என்றே ஆண்டுக்கணக்கில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு, இது தாமதமாகத்தான் விளங்கியது.

கட்டுரையில் விடுபட்ட இன்னொன்றும் உண்டு. 1903இல் தைக்கான், நண்பர் ஹிஷிதா ஷுன்சோவுடன் கல்கத்தாவுக்கு வந்தார். ஈரத்தூரிகையால் அவர் தாளை நனைத்து வரைந்ததைக் கண்ட வங்க ஓவியர் அவனீந்திரநாத் தாகூர், அதிலிருந்து தமக்கென, வண்ணத்தை நீரால் கழுவிப் படரவிடும் ஒரு நீர்க்கழுவல் ('வாஷ்') முறையை வளர்த்தெடுத்தார். அந்த அவனீந்திரநாத்தின் மாணவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரிதான் 1929இல் சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வரானார்.

ஆகவே, வரும் ஆடிப்பெருக்கையொட்டி அந்தச் சுருளின் படத்தை, துண்டு துண்டாக வெட்டாமல், நடுப்பக்கத்தில் குறுக்காக நீளவாக்கில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கும்பகோணத்தில் ஓவியம் பயிலும் மாணவர்கள் அதை வகுப்பறைச் சுவரில் ஒட்டிவைத்துப் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்,
மயிலாடுதுறை.