ஆண்டறிக்கை: சிலைக்கு அருகே ஒரு தமிழ்ப் பலகை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவு, சந்தா விவரங்களைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நான் நடந்த வேலையை மட்டும் சொல்கிறேன்.

புதுச்சேரி டவுனில் இருக்கும் சிலைகள், மண்டபங்கள், கல்வெட்டுகள் எல்லாம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புரியும்படி இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்ட பணி. பீச் ரோட்டில் காலை ஏழரை மணி வரை வண்டி விடமாட்டார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் அங்கே கூடி நடந்தோம். பள்ளிப் பிள்ளைகளும் வந்தார்கள்.

காந்தி சிலையை எல்லோருக்கும் தெரியும். அதைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, சென்னை மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்த அதே சிற்பி. இதைச் சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை என்பார்கள். அவற்றின் மேல் சாய்ந்து படம் எடுக்கிறவர்களில் எத்தனை பேர் தூணில் உள்ள செதுக்கு வேலையைத் திரும்பிப் பார்க்கிறார்கள்?

தூய்ப்ளேக்ஸ் சிலை பற்றி நமக்குள்ளேயே வாக்குவாதம் வந்தது. 1742 முதல் 1754 வரை இங்கே பிரெஞ்சு ஆளுநராக இருந்தவர். சிலை 1870இல் வைத்தது. இன்னும் எதற்கு அது என்று இளைய உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். என் கருத்து, சிலை இருக்கட்டும், ஆனால் முழுக் கதையும் பக்கத்தில் இருக்க வேண்டும். அவரிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடையாளராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பு தமிழிலேயே இருக்கிறது. 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை அவர் மனம் நொந்து எழுதியிருக்கிறார். ஆளுநரின் பெருமையை மட்டும் சொல்லி, இதைச் சொல்லாமல் விட்டால் அது நம் ஊர் வரலாறே ஆகாது.

அதிக நேரம் நாம் செலவிட்டது பாரதி பூங்காவின் ஆயி மண்டபத்தில். நம் அரசின் சின்னத்தில் இருக்கும் மண்டபம் இதுதான். ஆயி ஒரு தாசி. அவள் மாளிகையைக் கோயில் என்று நினைத்து விஜயநகர மன்னர் கும்பிட்டுவிட்டார். உண்மை தெரிந்ததும் இடிக்கச் சொன்னார். ஆயி தானே அதை இடித்து அந்த இடத்தில் குளம் வெட்டினாள். இதுதான் ஊரில் வழங்கும் கதை. பிறகு பிரெஞ்சு மன்னர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில், அந்தக் குளம் இருக்கும் முத்திரைப்பாளையத்திலிருந்து நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்ததன் நினைவாக இந்த மண்டபம் எழுந்தது. நிழலுக்காக வந்து உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கதையைக் கேட்டுவிட்டு, "அப்போ நாங்க குடிச்ச தண்ணி அவ குடுத்ததா?" என்றார். ஊருக்குத் தண்ணீர் தந்த பெண்ணாக ஆயியை எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தில் ஜூலை 14 அன்று விளக்கு அலங்காரமும் நவம்பர் 11 அன்று மலர் அஞ்சலியும் உண்டு. மற்ற நாட்களில் பலரும் வெளியே நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். முதல் உலகப் போரில் மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக எழுப்பியது அது. நம் சொல்தா குடும்பங்களின், அதாவது பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்களின், பெரியவர்களிடம் கேட்டு, தெரிந்த பெயர்களை எழுதி வைக்கத் தொடங்கியிருக்கிறோம்.

பராமரிப்பு பற்றிக் கொஞ்சம் வருத்தத்தோடு சொல்கிறேன். ஒரு விழாவுக்கு முந்தின நாள், ஒரு வெண்கலச் சிலைக்குத் தங்க நிற எனாமல் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். இன்னோர் இடத்தில் பளிங்குக் கல்வெட்டை ஆசிட் ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள். பளிங்கு சுண்ணாம்புச் சத்து. ஆசிட் பட்டால் மேற்பரப்பு கரையும், எழுத்தும் மழுங்கும். வெறும் தண்ணீரும் மெத்தென்ற பிரஷ்ஷும் போதும். சிமெண்ட் சிலைகளில் ஆபத்து வேறு மாதிரி. உப்புக் காற்றில் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதி, வெளிப்பூச்சை வெடிக்க வைக்கும். பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். 2014 நவம்பர் மழையில் பீச் ரோட்டில் இருந்த பழைய நகராட்சிக் கட்டடமான மேரி கட்டடம் இடிந்து விழுந்ததை நாம் பார்த்தோம். அதைத் திரும்பக் கட்டி முடிக்க 2021 ஆனது.

டவுனுக்கு வெளியே, கீழூர் நினைவிடத்துக்கும் போனோம். 1954 அக்டோபர் 18 அன்று அங்கே கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். அப்புறம், 1936 ஜூலை 30 துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்ட 12 ஆலைத் தொழிலாளர்களையும் மறக்க முடியாது. எட்டு மணி நேர வேலைக்காகப் போராடியவர்கள் அவர்கள். தளபதிகளுக்கும் ஆளுநர்களுக்கும் கடற்கரை கிடைத்திருக்கிறது. இவர்களுக்கும் டவுன் நடுவில் ஒரு இடம் வேண்டும்.

பொதுக்குழு முன் இரண்டு தீர்மானங்களை வைக்கிறேன். ஆயி மண்டபத்தில் தொடங்கி, ஒவ்வொரு சின்னத்தின் அருகிலும் பெரிய எழுத்தில் தமிழ்ப் பலகை வைக்க நகராட்சிக்கு விண்ணப்பிப்பது. வாசகங்களை நாமே எழுதிக் கொடுப்போம். அடுத்து, சிலைகளுக்கு விழாக் கால பெயிண்ட், ஆசிட் இரண்டையும் நிறுத்தும்படி கேட்டு, சரியான முறையைத் துப்புரவுப் பணியாளர்களுக்குக் காட்ட ஒரு நாள் பயிற்சி நடத்த அனுமதி கோருவது. உறுப்பினர்கள் விவாதித்து நிறைவேற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்