வேல்கே போபோவிட்சே பாட்டிக்கு ஒரு நன்றி

பிராகிலிருந்து தென்கிழக்கே சுமார் 25 கிலோமீட்டரில், வேல்கே போபோவிட்சே என்ற ஊரில், ரிங்ஹோஃபர் என்ற தொழிலதிபர் 1874-இல் நிறுவிய பழைய 'கோசெல்' பீர் ஆலையைப் பார்க்க கைடோடு குழுவாகப் போனோம். கோசெல் என்றால் செக் மொழியில் கிடா, அதனால் அங்கே நிஜமாகவே ஒரு கிடாவை வளர்க்கிறார்கள், நான் அதைப் படமெடுத்துக்கொண்டே நின்று வேனைத் தவறவிட்டேன் (முழுக்க என் தப்புதான், பீரின் மேல் பழி போட மாட்டேன்).

அப்போதுதான் பஸ் நிறுத்தத்தில் அந்தப் பாட்டி. அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு செக்கில் பீருக்கான 'பிவோ'வும் நன்றிக்கான 'டெக்குயி'யும் மட்டும். என் நோட்டில் 'ஸ்த்ரான்சிட்சே' என்று ஸ்டேஷன் பெயரை எழுதிக் காட்டி, என்னோடு பஸ்ஸில் ஸ்டேஷன் வரை வந்து, டிக்கெட்டுக்கும் அவரே காசு கொடுத்து, பிராக் ரயிலில் ஏற்றிவிட்டுத்தான் திரும்பினார். பணத்தை நீட்டினேன், கையைத் தட்டிவிட்டார். பெயர்கூடக் கேட்கவில்லையே நான்! டெக்குயி, பாட்டி.